ஹைட்ராவின் இரண்டு புடைப்புகள்

12 நவம்பர் 1998, வியாழன்

காலையில் முதல் வேலையாகக் கல்லூரி ஆய்வகத்தில், 'பாலிலா இனப்பெருக்கம்: மொட்டுவிடும் ஹைட்ரா' என்று லேபிள் ஒட்டிய ஸ்லைடைத் துடைத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். புடைப்புகள் இரண்டும் மேலே, வாய்ப்பக்கம் இருந்தன. மொட்டு கீழேயல்லவா வரும்? பெரிதாக்கிப் பார்த்தேன். மொட்டுகளல்ல; விந்தணு உண்டாகும் விந்தகங்கள். லேபிளே தவறு. பத்து வருடமாக அதை நம்பிப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

போன செய்முறைத் தேர்வில் இதே ஸ்லைடுக்கு மாணவி சுமிதா 'விந்தகம்' என்றுதான் எழுதினாள். நான் தவறென்று அடித்துவிட்டேன். அதனாலேயே தோற்றாள்.

மதியம் அவளே வந்தாள். தோற்றதால் வீட்டில் படிப்பை நிறுத்திவிட்டுக் கல்யாணம் செய்துவைக்கிறார்களாம்; மாற்றுச் சான்றிதழுக்கு மனு கொடுத்தாள்.

"என் கண்ணுதான் சரியில்ல, மேடம். கண்ணாடி போடணும். மாப்பிள்ளை முகமாவது சரியாத் தெரியணுமே!"

சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

நாளை சான்றிதழில் கையெழுத்தாகும் முன், ஸ்லைடோடு பிரின்சிபாலிடம் போய், தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுப்பேன்.