நான் பார்க்காத முயல்

நவம்பர் 28, வெள்ளி

ஜெரால்டு என் இடத்தைத் திருடியவன். ஐடிஐயில் ஒரே பெஞ்சில் படித்தோம். தொழிற்சாலையில் அவன் அப்பா இருந்ததால் அவன் நிரந்தரம், நான் காண்ட்ராக்ட். ராணுவத் துப்பாக்கியில் குறிபார்க்க வைக்கும் பகல்-இரவு சைட்டில் லென்ஸ் பூட்டுவது நான். இருட்டியபின் அதைச் சோதிப்பது அவன். காண்ட்ராக்ட் ஆட்களைப் பொழுது சாயுமுன்பே வெளியேற்றிவிடுவார்கள்.

காலையில் டீக்கடையில் சொன்னான்: "மாப்ள, நேத்து புதருக்குள்ள ஒரு முயல்டா. கும்மிருட்டுல காது ஆடுறதுகூடத் தெரிஞ்சுச்சு."

"அது நான் பூட்டுனதுடா."

"அதான் அவ்ளோ பளிச்சுன்னு இருந்துச்சு!"

பாராட்டுத்தான். அதனாலேயே அவனை அறையத் தோன்றியது.

நேராக சூப்பர்வைசரிடம் போனேன். "சார், ஒரே ஒரு ராத்திரி என்னையும் நிக்க விடுங்க. நான் செஞ்சத நான் பாக்கணும்."

அவர் என் கேட் பாஸை வாங்கி, அதில் 'காண்ட்ராக்ட்' என்றிருந்ததைப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.