வில்கமுவவில் அவர் பெயர்

2025 ஆகஸ்ட் 2, சனி. மாத்தளை

குழாய் திருத்துபவன் மூன்றாவது தடவையும் வந்தான். இன்னும் ஒழுகுகிறது. வேலை முடிவதற்கு முன்பே தேநீர் கொடுத்தது என் பிழை.

மத்தியானம் விஜேந்திரன் போன் செய்தான். "அம்மா, திங்கக்கிழமை வந்துருங்க. அடுத்த திங்கள் கன்னுகளுக்கு சூடு வைக்கிறோம். அதுக்கு முன்னால உங்ககிட்ட ஒன்னு கேக்கணும்." போனில் கேட்டால் என்ன என்றேன். முகத்தைப் பார்த்துத்தான் கேட்க வேண்டுமாம்.

பேங்கில் உதவி முகாமையாளராக இருந்தவன். அதை விட்டுவிட்டு மனைவியோடு வில்கமுவவுக்குப் போய் எருமை வளர்க்கிறான். மூன்று வருடம் ஆகிறது. நான் ஒரு தடவையும் போகவில்லை. யாராவது விசாரித்தால் "பண்ணைத் துறையில் இருக்கிறான்" என்கிறேன். பொய் ஒன்றும் இல்லையே?

போகிறேன். என் தலையணை உறையையும் எடுத்துவைத்தேன்.

ஆகஸ்ட் 4, திங்கள். வில்கமுவ

மலை வளைவுகள் முடிந்ததும் தரை ஒரேயடியாகத் தட்டையாகிவிட்டது. வெயில், வயல், தூரத்தில் காடு. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த சிங்களப் பெரியவர், காட்டை வெட்டி முதலில் குடியேறியவர்களில் தானும் ஒருவர் என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். யானைக்குப் பயந்து மரத்தில் பரண் கட்டிப் படுத்தார்களாம். அதைப் பதக்கம் வாங்கியவர் போலச் சொன்னார்.

ஊர் என்று பார்த்தால் ஒரே ஒரு நீளத் தெரு. இரும்புக் கடை, தயிர்ச் சட்டி அடுக்கிய கடைகள், டிராக்டர் வரிசை. தெருவின் நடுவில் எருமைகள். அவற்றின் பின்னால் அகலத் தொப்பியும் றப்பர் பூட்ஸும் போட்ட ஆண்கள் மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள்! ஹோர்ன் அடிப்பதில்லை; நாக்கைச் சுழற்றி ஒரு சத்தம் போடுகிறார்கள், முழு மந்தையும் திரும்புகிறது. வந்தவர்களில் ஒருவன் என் மகன். நான் முதலில் அடையாளம் காணவில்லை.

வீடு சுத்தம். மருமகள் கிருஷாந்தினி தட்டு கழுவும் விதத்தில், டீச்சராக இருந்த எனக்கே ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

என்ன பேச்சு இது! அவர் பேரை எருமைத் தொடையிலயா?

சரி. ஒழுங்காக எழுதுகிறேன்.

இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. புதிதாக மாடு வளர்க்க வருகிறவன் மூன்று வருடம் பழைய ஆள் ஒருவரின் சூட்டுக் குறியைத்தான் தன் கன்றுகளுக்கும் போட வேண்டும். நாலாவது வருடம் தனக்கென்று ஒரு குறி. விஜேந்திரன் இதுவரை பக்கத்து மாட்டுப் பட்டிக்காரர் ஜைனுதீனின் குறியில் இருந்தான். இந்த வருடக் கன்றுகளுக்குச் சொந்தக் குறி. அதற்கு "பொ" என்று போடலாமா, அப்பாவின் பெயர் பொன்னையாவின் முதல் எழுத்து, என்று என்னிடம் கேட்கிறான்.

"உன் பெயருக்கு என்ன குறை?" என்றேன்.

"அப்பா பேரா இருந்தா நல்லாருக்கும்மா."

நல்லாயிருக்குமாம். அவர் எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கர். துரைமார் கூடக் கதிரை போட்டுப் பேசிய மனிதர். இங்கே மாட்டைக் குறிக்காரரின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். காலையில் என் காதாலேயே கேட்டேன்: "ஜைனுதீன் ஒன்னு வாய்க்கால்ல எறங்கிருச்சி, அடிச்சி வெரட்டு!" நாளைக்கு அவரையும் அப்படி அடித்து விரட்டுவார்களா? முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

சாப்பாட்டு மேசையில் "உப்பு" என்ற சொல்லைத் தவிர வேறு பேச்சு இல்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

எனக்கே வெட்கம்.

இரவில் கன்றுகளைத் தாய்களிடமிருந்து பிரித்து வேறு பட்டியில் அடைக்கிறார்கள். விடிந்ததிலிருந்து ஒரே கதறல். பச்சைக் குழந்தைகளைத் தாய்க்குத் தெரியப் பட்டினி போடுவது என்ன நியாயம் என்று போய்ப் படலைத் திறந்துவிட்டேன். அவ்வளவுதான். கறப்பதற்கு முன்பே பாலை எல்லாம் குடித்துத் தீர்த்துவிட்டன. அதோடு நிற்கவில்லை. தாய்களும் கன்றுகளுமாக வெளியே ஓடி ஜைனுதீனுடைய மந்தையோடு கலந்துவிட்டன.

அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தார். "என்ன டீச்சர், பெல்லடிச்சி ஸ்கூல விட்டுட்டீங்களா?"

கிருஷாந்தினி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். எனக்குக் கேட்டது.

சாயங்காலம் வரை பிரித்தார்கள். தாய் கூப்பிட்டதும் அதனதன் கன்று போய் ஒட்டிக்கொண்டது. ஆனால் தாய் செத்த கன்று இரண்டு மந்தையிலும் ஒவ்வொன்று இருந்தது. கிருஷாந்தினி போத்தல் பால் கொடுத்து வளர்த்தது எது, அவருடையது எது? இரண்டும் ஒரே கறுப்பு. இரண்டும் அவளுடைய விரலைச் சப்பின.

"புடிச்சதக் கொண்டு போ மகள்," என்றார் ஜைனுதீன். "எனக்கிட்டயா இருந்தா சரி. அறுவடை முடிஞ்சா எல்லா மந்தையும் ஒரே வயல்லதான். மத்தவன் தருவானா? குறி இல்லாத கன்டு யாருட பட்டியில ஈக்குதோ, அவன்டதான்."

பிறகு விஜேந்திரனைப் பார்த்து, "இன்னும் குறி முடிவாகல்லயா தம்பி? இல்லாட்டி இந்த வருசமும் என்டத போடு" என்றார்.

"பார்ப்போம் நானா," என்றான் இவன், அண்ணன் முறை வைத்து. என் பக்கம் திரும்பவே இல்லை. மூன்று வருடம் காத்திருந்தவன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி. போயா

பௌர்ணமி விடுமுறை, ஊர் அமைதியாக இருந்தது. காலையில் வரம்போரமாக அவனோடு நடந்தேன். நானாகத்தான் ஆரம்பித்தேன். ஏன் அப்பாவின் பெயர் என்று கேட்டேன்.

"தேயிலைப் பெட்டியில எழுத்து வெட்டுன தகரத்த வச்சி மை பூசுவாரே, ஞாபகம் இருக்கா?" என்றான். "தோட்டத்துப் பேரு. பெட்டி, ஏணி, தள்ளுவண்டி எல்லாத்திலயும். நம்ம குவார்ட்டர்ஸ் கதிரைக்கு அடியிலயும் அதே பேருதான். நான் தரையில படுத்துக்கிட்டு அதத்தான் எழுத்துக்கூட்டி வாசிச்சேன். அவரு பென்சன் எடுத்த அன்னைக்கி கதிரையும் திரும்பிப் போயிருச்சி. முப்பத்தெட்டு வருசம்மா. அவரு பேரு எதுல இருந்திச்சி?"

நான் யோசித்துப் பார்த்தேன். மரண அறிவித்தலில் இருந்தது. அதிலும் அச்சகத்தார் ஒரு எழுத்தை விட்டிருந்தார்கள்.

"வெயில் ஏறுது, வீட்டுக்குப் போவோம்," என்றேன்.

அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? எருமையா என்று முதலில் முகம் சுளித்திருப்பார். பிறகு, யாரும் பார்க்காத நேரத்தில், பட்டியைச் சுற்றி ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்திருப்பார். எனக்குத் தெரியாதா?

ஆகஸ்ட் 9, சனி

குறிக் கம்பி செய்ய, இரும்பு ஒட்டுகிற கடைக்கு நானே போனேன். கடைக்காரர் சிங்களவர், தமிழ் எழுத்துத் தெரியாது. அதனால் எண்ணெய்த் தாளில் "பொ" என்று பெரிதாக எழுதி, திருப்பிப் போட்டுக் கொடுத்தேன்; தோலில் விழும்போது நேராக இருக்க வேண்டும் அல்லவா? முதலில் செய்தது கோணல். இரண்டாவது, கால் குட்டை. மூன்றாவதைச் செய்யும்போது, நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவளா என்று கேட்டார். எப்படித் தெரியும் என்றேன். கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள்.

எழுத்து நன்றாக வந்திருக்கிறது. விஜேந்திரன் கம்பியை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தேங்க்ஸ்மா" என்றான். உடனே உள்ளே கொண்டுபோய்க் கிருஷாந்தினிக்குக் காட்டினான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

முடிந்தது. மயிர் கருகும் வாசம் சேலையை விட்டுப் போகவில்லை. சத்தத்துக்கு நான் கண்ணை மூடிக்கொண்டேன், ஆனால் வீட்டுக்குள் போகவில்லை. தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் புண்ணில் பூசுவது என் வேலை. நடுங்கிக்கொண்டு நிற்கும் கன்றிடம் "முடிஞ்சிருச்சி, முடிஞ்சிருச்சி" என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர் பெயரின் மேல் விரல் வைத்துப் பூசினேன்.

ஜைனுதீன் வந்து குனிந்து பார்த்தார். "எழுத்து அச்சடிச்ச மாதிரி ஈக்குது டீச்சர்." அப்படித்தான் இருக்கும் என்றேன்.

ஆகஸ்ட் 13, புதன். மாத்தளை

வீடு வந்து சேர்ந்தேன். குழாய் ஒழுகுகிறது. தயிர்ச் சட்டி இரண்டும் உடையாமல் வந்தன.

செப்டெம்பர் 21, ஞாயிறு

காலையில் கறுவேப்பிலை மரத்தைக் கவாத்துப் பண்ணினேன். பத்து மணிக்குத் தெரியாத இலக்கத்திலிருந்து போன். ஜைனுதீன்.

"டீச்சர், தம்பிக்கு எடுத்தா போன் வேல செய்யுதில்ல. அதான் உங்களுக்கிட்ட சொல்றன். உங்கட பெரிய கிளாக்கர் ரெண்டு பேரு விடியக்காலையில எங்கட பயத்தங்காத் தோட்டத்துக்குள்ள பூந்துட்டாங்க. பந்தல் ஒரு வரி மிச்சமில்ல!"

"வேலி போட்டிருந்தீர்களா?"

"போட்டுத்தான் ஈக்குது. அத முட்டி உடைச்சிட்டுத்தான் வந்தாங்க."

"அடித்தீர்களா?"

"சீச்சீ. உங்கட மனுசன்ட பேரு ஈக்கிறத எப்படி டீச்சர் அடிக்கிற? தண்ணி வச்சிக் குடுத்தேன். குடிச்சிட்டு படுத்துட்டாங்க. எழும்புறாங்கல்ல."

உடனே கிருஷாந்தினியின் போனுக்கு எடுத்து விஜேந்திரனைக் கூப்பிடச் சொன்னேன். வந்தான், என்னம்மா என்று பதறிக்கொண்டு.

"ஒன்றும் இல்லை. அப்பா ஜைனுதீனுடைய பயற்றங்காய்க்குள் படுத்திருக்கிறாராம். போய்க் கூட்டிக்கொண்டு வா. வேலியையும் கட்டிக் கொடுத்துவிட்டு வா."

சிரிக்கத் தொடங்கினான், சின்ன வயதில் சிரித்தது மாதிரி, மூச்சு வாங்கிக்கொண்டு. எனக்கும் அடக்க முடியவில்லை. போனைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியதாயிற்று.