'லோம்வி' படகு விபத்து அறிக்கையிலிருந்து "கவனக்குறைவு" என்ற சொல்லை நீக்கக் கோரி

அனுப்புநர்
ஆஸ்லைக் மிர்வோல்,
இயந்திர அறைப் பணியாளர், பணியாளர் பாதுகாப்புப் பிரதிநிதி,
'லோம்வி' வாகனப் படகு,
ஸ்கோர்வோக், மேற்கு நார்வே.

பெறுநர்
மறுவிசாரணை அலுவலர் அவர்கள்,
கப்பல் விபத்து விசாரணைப் பிரிவு.

பொருள்: தலைமைப் பொறியாளர் சிக்வால் நெஸ் அவர்களின் மரணம் – நிறுவன அறிக்கையைத் திருத்தவும், பொய்யான பயிற்சிச் சான்றை ரத்து செய்யவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஸ்கோர்வோக்குக்கும் எதிர்க்கரைக்கும் இடையே நாளொன்றுக்குப் பதினெட்டு நடை செல்லும் 'லோம்வி' படகில் பதினோரு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். காலஞ்சென்ற சிக்வால் நெஸ் என் மேலதிகாரி. அவர் மரணம் குறித்து நிறுவனம் தங்களுக்கு அனுப்பிய அறிக்கையின் ஏழாம் பக்கத்தில், "தீ எரியும் இடத்திற்குள் கவனக்குறைவாக நடந்து சென்றார்" என்றொரு வரி உள்ளது. அந்த வரி பொய். அது எழுதப்படுவதற்கு நானும் துணைபோனேன். இரண்டையும் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவரவே இம்மனு.

2. காற்று அசையாத குளிர்கால நாட்களில் எங்கள் படகின் டீசல் புகை மேலே போக வழியின்றி இரு கரை மலைகளுக்கும் நடுவே கூரைபோல நின்றுவிடும். விழுந்த பனி மறுநாளே கறுக்கும். சிக்வாலுக்கு ஓயாத இருமல். எரிபொருளை மாற்றக் கோரி வீடு வீடாகச் சென்று முந்நூற்றுப் பன்னிரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கியவர் அவரே. ஒவ்வொரு வாசலிலும் அவர் சொன்னது இதுதான்: "முப்பது வருஷமா இந்தத் தண்ணி மேல புகையக் கொட்டினவன் நான்தான். வேலைய விட்டுப் போறதுக்குள்ள நானே அத நிறுத்திட்டுப் போறேன். ஒரு கையெழுத்துப் போடுங்க."

3. சென்ற ஏப்ரலில் டீசலோடு மெத்தனால் எனும் எரிசாராயத்திலும் ஓடும்படி படகின் இயந்திரம் மாற்றியமைக்கப்பட்டது. முதல் நாள் முழுவதும் சிக்வால் புகைபோக்கியின் அருகே ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிவைத்தார். மாலையில் அதை ஊர்க் கடைக்குக் கொண்டுபோய் விரித்துக் காட்டினார். துணி வெள்ளையாகவே இருந்தது. கடைக்காரர், "சாராயத்தக் குடிச்சிட்டுப் படகு நேராத்தான் போகுதா?" என்று கேட்டார். "வெள்ளிக்கிழமை நீ வீட்டுக்குப் போறதவிட நேராப் போகுது" என்றார் சிக்வால். அவர் இருமாமல் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

4. மெத்தனால் எரியும்போது புகை வராது. பகல் வெளிச்சத்தில் சுடரும் ஏறக்குறையக் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே பணியாளர் ஒவ்வொருவரும் உண்மையான தீயோடு மூன்று நாள் பயிற்சி பெற வேண்டும் என்பது எங்கள் படகுக்கு அளிக்கப்பட்ட அனுமதியின் நிபந்தனை. எங்களுக்கு நடந்ததோ ஒரு முற்பகல் வகுப்பு. உணவறையில் திரையில் படங்கள் காட்டப்பட்டன. காப்பியும் வாஃபிளும் தரப்பட்டன. முடிவில் இயக்க மேலாளர் ஹல்வார் ட்வைட், மூன்று நாள் பயிற்சி முடிந்ததாக அச்சிட்ட சான்றை என் முன் வைத்து, "சுற்றுலாக்காரங்க வர்ற நேரம், படகை நிறுத்த முடியாது. இப்ப போட்டுடுங்க, மீதிய செப்டம்பர்ல நடத்திக்கலாம்" என்றார்.

5. சிக்வால் என்னைப் பார்த்து, "பாதுகாப்புக்கு நீதானே பொறுப்பு, நீ என்ன சொல்ற?" என்று கேட்டார். நான் சொன்ன பதிலை மாற்றாமல் எழுதுகிறேன்: "போட்டுடலாம் சிக்வால். தகராறு பண்ணினா இதச் சாக்கா வச்சு டீசலுக்கே திருப்பிடுவாங்க." அவர் தலையசைத்தார். பணியாளர் ஒன்பது பேருக்கும் சேர்த்து நான் கையெழுத்திட்டேன். சிக்வால் முழுப் பயிற்சி பெற்றவர் என்பதற்கு நிறுவனம் தன் அறிக்கையில் காட்டும் ஆதாரம் இந்தச் சான்றுதான்.

6. ஜூன் 18, முற்பகல் 11.20. நல்ல வெயில். பயணிகள் எவரும் படகில் இல்லை. கரையில் நின்ற டேங்கர் லாரியிலிருந்து மெத்தனால் ஏற்றிக்கொண்டிருந்தோம். குழாய் இணைப்பு கசிந்து, தளத்தில் வழிந்த எரிபொருள் பற்றிக்கொண்டது என்பது பின்னர் தெரியவந்தது. அந்த நேரத்தில் எங்கள் எவர் கண்ணிலும் தீ படவில்லை. வெப்பத்தைக் காட்டும் கைக்கருவிகள் இரண்டு இருக்க வேண்டிய பெட்டி காலியாக இருந்தது. அவை ஒரு கண்காட்சியில் நிறுவனத்தின் அரங்கில் வைப்பதற்காக முந்தைய வாரம் எடுத்துச் செல்லப்பட்டிருந்தன.

7. இணைப்பிலிருந்து சொட்டுவதைக் கண்ட சிக்வால் அடைப்பானை மூடுவதற்காக நடந்தார். அவர் முன்னே காற்று சற்று நடுங்கியது. வெயிலில் இரும்புத் தளத்தின் மேல் எப்போதும் அப்படித்தான் நடுங்கும். நான்கு அடி வைத்ததும் திடீரென இரு கைகளையும் வீசி உடலை முறுக்கினார். நான் மேல்தளத்தில் நின்றிருந்தேன். குளவி கொட்டுகிறது என்று நினைத்தேன். "என்ன சிக்வால், குளவிகூட நடனமா?" என்று கூவிச் சிரித்தேன். அவருடைய சட்டைக்கை தானாகவே பழுப்பாகிக் கருகுவதைக் கண்ட பிறகே எனக்குப் புரிந்தது. அதற்குள் அவர் அடைப்பானை எட்டி மூடிவிட்டிருந்தார். அவர் மூடியிராவிட்டால் லாரியும், அதனருகே நின்ற ஓட்டுநரும் எஞ்சியிருக்க மாட்டார்கள். இவ்விவரம் அறிக்கையில் எங்கும் இல்லை.

8. அவர் ஒன்பது நாட்கள் பெர்கன் மருத்துவமனையில் உயிரோடு இருந்தார். ஒரே ஒரு முறை நினைவு தெளிந்தபோது தம் மனைவி குட்வெய்க்கிடம், "நெருப்பு எங்க இருந்துச்சு?" என்று கேட்டாராம். கவனக்குறைவாக இருந்தவர் கேட்கும் கேள்வியா இது என்பதைத் தாங்களே முடிவு செய்ய வேண்டுகிறேன்.

9. ஆகஸ்டு முதல் படகு மீண்டும் டீசலில் ஓடுகிறது. பக்கவாட்டில் 'புகையற்ற பயணம்' என்ற பச்சை எழுத்துகள் மட்டும் அப்படியே உள்ளன. எரிபொருளை மாற்றக் கோரி அன்று சிக்வாலிடம் கையெழுத்திட்டவர்களிலேயே பலர், "புகை மெதுவாத்தான் கொல்லும், அதுவே போதும்" என்கிறார்கள். நான் இந்த எரிபொருளுக்கு எதிரானவள் அல்லள். பயிற்சியும் கருவியும் இருந்திருந்தால் சிக்வால் இன்று அதே படகில் மெத்தனாலைக் கொண்டே இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருப்பார்.

10. எனவே தாங்கள் கருணை கூர்ந்து,
(அ) ஏழாம் பக்க வரியை நீக்கி, அவர் அடைப்பானை மூடியதை அறிக்கையில் சேர்க்கவும்;
(ஆ) மே 6 அன்று நான் கையெழுத்திட்ட சான்று பொய்யென அறிவித்து, என் மீதும் மேலாளர் மீதும் விசாரணை நடத்தவும்;
(இ) முறையான பயிற்சிக்கும் கருவிகளுக்கும் பிறகு, புகையில்லா எரிபொருளில் படகை மீண்டும் இயக்க ஆணையிடவும் வேண்டுகிறேன். என் பணிச்சான்று பறிக்கப்படினும் மேல்முறையீடு செய்ய மாட்டேன்.

11. இம்மனுவைக் குட்வெய்க் நெஸ் அவர்களிடம் ஞாயிறன்று படித்துக் காட்டினேன். குளவியைப் பற்றி அதுவரை அவருக்கு நான் சொல்லியிருக்கவில்லை. முழுவதும் கேட்டபின் அவர், "நீ சிரிச்சது அவருக்குக் கேட்டிருக்குமா?" என்றார். இயந்திரம் அணைந்திருந்த நேரம் அது. கேட்டிருக்கும் என்றேன். மனுவின் அடியில் அவர் பெயருக்கும் இடம் விட்டிருந்தேன். "உன் கையெழுத்துக்குப் பக்கத்துல என் கையெழுத்து வேண்டாம். ஆனா அனுப்பு" என்றார். அவ்வண்ணமே அனுப்புகிறேன்.

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,

(ஒப்பம்) ஆஸ்லைக் மிர்வோல்

இடம்: ஸ்கோர்வோக்
நாள்: 14 அக்டோபர் 2024

(ஒப்பம்) ........................
குட்வெய்க் நெஸ் – கையெழுத்திட மறுத்துவிட்டார்.