துணி வெள்ளையாகக் காய்கிறது

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. எழுதுவது என்னவோ உன் தங்கைதான். அம்மாவின் மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது. நான் உடைக்கவில்லை, அது நாற்காலியில் இருந்தது, நானும் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான் நடந்தது. அதற்குத் தண்டனையாக அவள் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டுமாம், சொந்தச் சரக்கு எதையும் சேர்க்கக் கூடாதாம். கண்ணாடி இல்லாமல் அவளால் இதைப் படித்துப் பார்க்க முடியாது என்பது இன்னும் அவளுக்கு உறைக்கவில்லை. அதனால் அக்கா, 'அம்மா' என்று வரும் இடம் அம்மா, 'நான்' என்று வரும் இடம் நான், குழம்பிக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் நலம், அம்மா சந்தேகப்படும் அளவுக்கு நலம். அங்கே நீ நலமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அறையில் கூட இருப்பவள் இன்னமும் உன் சோப்பைத்தான் போட்டுக் குளிக்கிறாளா என்று கேட்கிறாள். சோப்பில் ஒட்டியிருக்கும் முடியை எடுத்து நீளம் பாரு, உன் முடியைவிட நீளமா இருந்தா அவதான் என்கிறாள். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் மணி அடித்தாலே அப்பா குளியலறையிலிருந்துகூட ஓடி வந்துவிடுகிறார், நீ பேசுவது எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைக்கச் சொல்கிறார், கடைசிவரை பக்கத்திலேயே நிற்கிறார். முன்பெல்லாம் நல்லா இருக்கியா, சரி, அம்மாகிட்டக் குடுக்கறேன் என்று மூன்று சொல்லில் முடிக்கிற மனிதர். இதிலேயே ஏதோ இருக்கிறது என்கிறாள் அம்மா.

விஷயம் இதுதான். அடுத்த மாதம் முதல் தேதி ஆஸ்பத்திரி வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு நீ இங்கே வரப்போகிறாய். அப்பா முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொள்வார், அவர் பிள்ளை என்கிற கணக்கில் ஆலையின் சோதனைக்கூடத்தில் உனக்கு வேலை, இத்தனை நாள் ரத்தத்தைச் சோதித்தவள் இனிமேல் சிமென்ட்டைச் சோதித்தால் போதும், அதற்கு ஊசி குத்தத் தேவையில்லை, அதுவும் கத்தாது. அப்பா இந்த ஏற்பாட்டைச் சொன்ன அன்று வீட்டில் என்ன கும்மாளம் என்று உனக்கே தெரியும். அம்மா உன் கட்டிலைத் தூசு தட்டிப் போட்டாள், நான் அந்தக் கட்டிலில் பரப்பி வைத்திருந்த என் சாம்ராஜ்யம் சாக்கு மூட்டையில் போய்விட்டது. இப்போது அம்மா சொல்கிறாள், எழுதிக் கொடுக்காதே. இந்தக் கடிதத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படி. அந்த வேலையை விடாதே. காரணம் கேட்பாய், ஏனென்றால் நீ அப்பாவின் பெண். காரணம், துணி வெள்ளையாகக் காய்கிறது.

சிரிக்காதே. நம் ஊரில் மூன்றே வகை மனிதர்கள், ஆலைக்குள் வேலை செய்பவர்கள், அவர்களுக்கு டீ போடுபவர்கள், ஆலையால் இருமுபவர்கள், இந்த மூன்றாவது வகையில் எல்லோரும் சேர்த்தி. காற்று எந்தப் பக்கம் என்று பார்க்காமல் இங்கே யாரும் கொடியில் துணி போட்டதில்லை. நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் உன் வெள்ளைச் சட்டையைச் சாம்பல் நிறச் சீருடை என்று நினைத்து வேறு பள்ளி வாத்தியார் உன்னைத் தன் வரிசையில் நிறுத்தினாரே, அந்த ஊர். இப்போது என்னடா என்றால் தலையணை உறை, விரிப்பு எல்லாம் பால் மாதிரி காய்கிறது. மாடிப்படிக் கைப்பிடியில் விரலால் என் பெயரை எழுதலாம் என்று போனேன், எழுத ஒன்றும் இல்லை. தெருவில் எல்லோருக்கும் சந்தோஷம். அப்பாவிடம் கேட்டால் புதுசா வடிகட்டி போட்டிருக்காங்க, வெளிநாட்டுச் சாமான், தூசு மொத்தத்தையும் உள்ளேயே பிடிச்சு வெச்சுக்குது என்கிறார். சரி, வடிகட்டி தூசைப் பிடிக்கும், லாரியையுமா பிடிக்கும் என்கிறாள் அம்மா. வாசல் கேட்டிலிருந்து பாலம்வரைக்கும் நிற்குமே லாரி வரிசை, அது இல்லை. பஞ்சர் ஒட்டுகிறவர் கடையைப் பூட்டிவிட்டு மச்சான் ஊருக்குப் போயிருக்கிறார், ஒரு வாரத்தில் வருவேன் என்று கதவில் எழுதியிருக்கிறார், எந்த வாரம் என்று எழுதவில்லை. அப்பாவிடம் கேட்டால் இப்பல்லாம் சரக்கு ரயில்ல போகுது என்கிறார். ரயிலைக் காணோமே என்றேன். அது பின்பக்கமாப் போகுது என்றார். நம் ஊருக்குப் பின்பக்கம் மலை.

ஆலைச் சங்கு மட்டும் மூன்று வேளையும் தவறாமல் ஊதுகிறது. எதற்குப்பா ஊதறாங்க என்று கேட்டேன், ஷிஃப்டுக்கு என்றார். ஷிஃப்டுக்கா, ஆலைக்கேவா என்று கேட்டேன், தட்டு பறந்தது. காலித் தட்டுதான், பயப்படாதே. கடைத்தெருவில் இப்போது கூட்டம் இருக்கிற ஒரே கடை போட்டோ ஸ்டூடியோ. எல்லோரும் தலையைப் படிய வாரிக்கொண்டு பாஸ்போர்ட் அளவில் எடுத்துக்கொள்கிறார்கள், எதற்கு என்று கேட்டால் நூலகத்தில் சேர என்கிறார்கள். இந்த ஊருக்குத் திடீரென்று இவ்வளவு படிப்பு ஆசை வந்திருக்கிறது, பாவம் நூலகருக்கே தெரியாது, அவரும் அந்த வரிசையில்தான் நிற்கிறார். பக்கத்து வீட்டு அத்தை, ஆலையில் கிரேன் ஓட்டுகிற நம் கிரேன் மாமாவின் மனைவி, தன் பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாக நம் வீட்டுக்குக் கொடுத்துவருகிறாள். இடம் பத்தலைடீ என்றாளாம். அந்த வீட்டில் இருப்பதே அவர்கள் இரண்டு பேர். அம்மா தொட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, வாய் நிறையச் சிரித்து, உள்ளே வந்து, இவ எங்கேயோ கிளம்பறா என்றாள். அதே மாலை அத்தை மதிலுக்கு மேலே எட்டி, உன் மூத்தவ கட்டிலை ஏன் வெளியே போட்டுத் தூசு தட்டினே, விக்கப்போறியா என்று அம்மாவிடம் கேட்டாள். ஊரில் எல்லோரும் எல்லோரையும் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இதெல்லாம் வெளியே. இனி வீட்டுக்குள். ஊரெல்லாம் சுத்தமாக இருக்கும்போது அப்பா மட்டும் தினமும் பழையபடி தலையிலிருந்து கால்வரை சிமென்ட்டாக வருகிறார். அதைப் பார்த்து நான் நிம்மதியானேன், அம்மா நிம்மதியாகவில்லை. இருபது வருஷத்துக்கு மேல இந்தத் தூசைத் துவைக்கிறேன், அது எங்கே உக்காரும்னு எனக்குத் தெரியாதா என்கிறாள். உண்மையான தூசு காலர் மடிப்பில் இருக்குமாம், காதுக்குப் பின்னால், இமை முடியில், சட்டைப்பை தையலில் இருக்குமாம். இப்போது வருகிற தூசு நெஞ்சில் இருக்கிறது, தோளில் இருக்கிறது, காதுக்குப் பின்னால் பளிச்சென்று இருக்கிறது. சலூன்காரரும் என்னிடம் சொன்னார், முன்னல்லாம் உங்க அப்பாவுக்கு ஒரு தடவை முடி வெட்டினா கத்தரி மழுங்கிடும், இப்ப வெண்ணெய் மாதிரி வெட்டுது, என்ன ஷாம்பூ போடறார் என்று. போன வாரம் அம்மா சட்டையைத் துவைத்து உதறியபோது முதுகில் ஒரு கை இருந்தது. பயந்துவிடாதே, கையின் அச்சு. வியர்வையில் நனைந்து இறுகிய சிமென்ட் அவ்வளவு சீக்கிரம் போகுமா. உள்ளங்கை, கட்டை விரல், மற்ற விரல்கள், மோதிர விரல் மட்டும் பாதியோடு நின்றுவிட்டது. நம் தெருவில் மோதிர விரல் பாதியாக இருப்பது யாருக்கு என்று உனக்குத் தெரியும், சின்ன வயதில் மீதி விரல் எங்கே கிரேன் மாமா என்று கேட்டு நீதான் அடி வாங்கினாய். கண்ணில் மண்ணைத் தூவுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன் அக்கா, முதுகில் சிமென்ட்டைத் தட்டுவதை இப்போதுதான் பார்க்கிறேன். நெஞ்சில் தானே பூசிக்கொள்ளலாம், முதுகு எட்டாதே, அதற்கு ஓர் ஆள் வேண்டுமே. நான் மெதுவாக மதிலேறி அத்தையின் கொடியைப் பார்த்தேன். மாமாவின் சட்டை முதுகுப்பக்கம் சுவரைப் பார்த்துத் தொங்கியது. ஒரு குச்சியால் திருப்பினேன். நம் அப்பாவின் அகலக் கை, சந்தேகமே இல்லை, என் கன்னத்துக்கு நன்றாகப் பழக்கமான கை. திரும்பி வந்து பார்த்தால் அம்மாவும் அப்பாவின் சட்டையை முதுகுப்பக்கம் சுவரைப் பார்க்கத்தான் போட்டிருந்தாள்.

இன்னொன்றும் இருக்கிறது, இது என் பங்கு. தட்டு பறந்ததே, அதற்குப் பழிவாங்க அப்பாவின் கையுறையில் கட்டை விரல் பகுதிக்குள் ஒரு மிட்டாயைத் திணித்து வைத்தேன். அப்பா வேலை பார்க்கிற சிமென்ட் சூளையின் சூட்டில் உருகி விரலைப் பிடித்துக்கொள்ளும், சாயங்காலம் வீடு அதிரும், நான் தயாராக ஜன்னல் பக்கம் படுத்துக்கொண்டேன். அதிரவில்லை. மறுநாளும் இல்லை. கையுறை தினமும் பையில் போகிறது, தினமும் வருகிறது. ஒரு வாரம் கழித்து விரலை விட்டுப் பார்த்தால் மிட்டாய் காகிதம்கூடக் கசங்காமல் சுகமாக உட்கார்ந்திருக்கிறது. சூளைக்காரரின் கையுறைக்குள் மிட்டாய் உருகவில்லை என்றால் சூளை எப்படி இருக்கிறது என்று நீயே யோசித்துக்கொள். அதை அப்படியே உள்ளே விட்டுவிட்டுப் போய் அம்மாவிடம் சொன்னேன். என் கண்ணாடியை எங்கடி வெச்சே என்றாள் அவள், உடைந்ததையே மறந்து. அப்புறம், ஒரு பேப்பர் எடு என்றாள். அப்பா மேல் கோபமா என்று கேட்டேன். அவருக்குப் பொய் சொல்லவே வராது, யாரோ சொல்லிக் குடுத்திருக்கான், அவன் யாருன்னுதான் தெரியணும் என்றாள். உன்னை வரச் சொல்லி ஊரெல்லாம் பெருமையடித்துவிட்டார், இப்போது வராதே என்று சொன்னால் ஏன் என்று நீ கேட்பாய், நீ வருவதற்குள் சூளை பற்றிக்கொள்ளும் என்று மனிதர் பூசி மெழுகிக்கொண்டிருக்கிறார் என்பது அம்மாவின் கணக்கு. ஆகவே நீ போனில் எதையும் காட்டிக்கொள்ளாதே, மேலதிகாரி விடமாட்டேன் என்கிறார், ஆள் இல்லையாம் என்று பழியை அவர் மேல் போடு. யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதே. கதவைப் பூட்டிவிட்டு ஒரு தடவை இழுத்துப் பார்.

இது மறுநாள் சாயங்காலம் எழுதுவது. தபால் அலுவலகம் இப்போது அரை நாள்தான் திறக்கிறார்களாம், நான் போனபோது மூடியிருந்தது, அதனால் கடிதம் என் பையிலேயே இருக்க, வீட்டுக்கு வந்தால் அப்பா உட்கார்ந்திருக்கிறார். சட்டை சுத்தம். காலில் யாருடையதோ பழைய செருப்பு. ஒரு கன்னம் மட்டும் உப்பியிருந்தது. பல்வலியா என்று கேட்டேன், இல்லை, மிட்டாய் என்றார். நான் ஜன்னல் பக்கம் நகர்ந்தேன். நடந்தது என்னவென்றால், கையுறை, காலணி, தலைக்கவசம் எல்லாவற்றையும் இன்றைக்குத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார்களாம். சாமான் அறைக்காரர் ஒவ்வொரு கையுறையாக உதறி எண்ணினாராம், அப்பாவுடையதை உதறியபோது மிட்டாய் மேசையில் விழுந்து உருண்டதாம். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்களாம், கிரேன் மாமா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம், அப்புறம் துடைத்துக்கொண்டே இருந்தாராம். அம்மா அப்பாவைச் சுற்றி ஒரு நடை நடந்து முதுகைப் பார்த்தாள். எதுவும் இல்லை. சாப்பாட்டை எடுத்து வைத்தாள். எவ்வளவு நாளாத் தெரியும் என்று அப்பா கேட்டார். நீங்க முதல்ல சொல்லுங்க, எவ்வளவு நாளா என்றாள் அம்மா. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் அத்தையின் குரலில் அதே கேள்வி கேட்டது, தெரு முழுக்க ஒரே கேள்வித்தாள் போலிருக்கிறது. லாரி வரிசை காணாமல்போன நாளிலிருந்தே சூளை குளிர்ந்துதான் கிடக்கிறதாம். வீட்டில் சொன்னால் ஊருக்குத் தெரியும், ஊருக்குத் தெரிந்தால் வாங்குகிறவர்களுக்குத் தெரியும், அப்புறம் மறுபடி பற்றவைக்கவே முடியாது என்று மேலாளர் சொன்னாராம். பார்த்தியா, சொல்லிக் குடுத்தவன் என்றாள் அம்மா, வெற்றியில் பாதியும் வேறு ஏதோ பாதியுமாக. பெருக்கின கொட்டகையையே பெருக்கிக்கிட்டு இருந்தோம் என்றார் அப்பா. சங்கு நேரம் ஆனதும் கிழிந்த மூட்டை ஒன்றிலிருந்து அள்ளி, ஒருவருக்கொருவர் தட்டிவிட்டுக்கொண்டு கிளம்புவார்களாம்.

அவ்வளவு எளிதில் ஒத்துக்கொண்டால் இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்று அம்மா அவர் சட்டைப்பையைத் துழாவினாள். வெளியூர் வேலைக்கு மனு ஒன்றோடு பாஸ்போர்ட் அளவில் அப்பாவின் போட்டோக்கள் வந்தன, தலை படிய வாரியிருந்தது. நூலகத்துக்கா என்று கேட்டாள். அப்பா தலையாட்டினார். நான் சிரிக்கவில்லை அக்கா, என்னால்கூட முடியவில்லை. அதில் ஒன்றை உனக்கு வைத்திருக்கிறோம், அப்பாவை இவ்வளவு வெளுப்பாக நீ பார்த்திருக்க மாட்டாய், அடையாளம் தெரியாவிட்டால் காதைப் பார், உன் காதுதான். உன் கட்டில் உனக்காக அப்படியே இருக்கும், நான் அதில் பரப்பமாட்டேன் என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள், நீயும் அதை நம்பிவிடாதே. நன்றாக இரு, நோய் நொடி இல்லாமல் இரு, உன் கையில் ஊசி பிடிக்கிற வேலை என்றைக்கும் நிலைக்கட்டும் என்று அம்மா உன் தலையில் கை வைக்கிறாள், அதாவது இப்போதைக்கு என் தலையில் வைத்திருக்கிறாள், நீ எடுத்துக்கொள். சோப்பைப் பூட்டி வை. மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
(கண்ணாடிக்குப் பதில் நான்)

கீழே கொஞ்சம் இடம் விடச் சொல்லி அப்பா பேனாவைக் கேட்கிறார். முன்பே சொல்லியிருந்தால் சின்ன எழுத்தில் எழுதியிருப்பேன்.

வடிகட்டி எதுவும் போடவில்லையம்மா. நீ அங்கேயே இரு.
அப்பா