பத்தால் வகுத்த பிரேக்

மயிலாப்பூர்,
2 ஜூன் 2024

கச்சால் தீவை ஒரே ஒரு ஊசியால் ஆண்டுவரும் நர்ஸ் மகாராணி ஆஷாவின் சமூகத்துக்கு,

உன் மாமா பாண்டுரங்கன் எழுதுவது. நானும் என் அக்காவாகிய உன் அம்மாவும் நலம். வெயில்தான் நலமில்லை. நேற்று மொட்டை மாடியில் காயப்போட்ட வடாம் எண்ணெய் கேட்காமலே பொரிந்துவிட்டது.

அக்காவின் புது முழங்கால் நன்றாக மடங்குகிறது. செவ்வாயும் வெள்ளியும் அடையாறில் பிசியோதெரபி. அங்கே தாரணி என்று ஒரு பெண். அவள் காலைப் பிடித்து மடக்கும்போது அக்கா போடும் சத்தத்தில் திருவான்மியூர் வரைக்கும் காக்கைகள் எழும்பிப் பறக்கின்றன.

அடுத்து உன் ரதத்தின் சேதி. அம்மாவுக்காக நீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன அந்தப் பழைய வெள்ளைக் காரை லஸ் சிக்னலில் நிறுத்தப் பார்த்தேன். பிரேக்கை மிதித்தேன், கீழே போனது. போய்க்கொண்டே இருந்தது. பாதாளத்தில் ஆதிசேஷனை நலம் விசாரித்துவிட்டு மூன்றாவது மிதிக்குத்தான் மேலே வந்தது. இன்னும் ஒரு சாண் போயிருந்தால் முன்னால் நின்ற பஸ்ஸுக்கு நான் சம்பந்தி.

சிந்தாதிரிப்பேட்டை மெக்கானிக் ராகவேந்திரனிடம் காட்டினேன். மாஸ்டர் சிலிண்டர் என்று ஒன்று இருக்கிறதாம். நாம் மிதிப்பதை நாலு சக்கரத்துக்கும் ஆயில் வழியாகச் சொல்லியனுப்புவது அதுதானாம். அதற்கு வயதாகிவிட்டது. பின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பிரேக் ஷூ தேய்ந்து அப்பளமாகிவிட்டது. மொத்தம் ஏழாயிரம் கேட்கிறான். ஏழாயிரத்துக்கு ஒரு காலத்தில் மயிலாப்பூரையே வாங்கியிருக்கலாம், தெப்பக்குளம் இலவசம்.

முழங்கால் ஆபரேஷன் உன் கஜானாவைத் துடைத்து வைத்திருப்பது எனக்குத் தெரியும். என் பென்ஷனோ ஒன்றாம் தேதி பிறந்து மூன்றாம் தேதி காலமாகிற ஜென்மம். அவசரம் ஒன்றுமில்லை. இருந்தாலும் அவசரம்.

இப்படிக்கு,
நாற்சக்கரச் சேனாதிபதி,
பாண்டுரங்கன்


கச்சால்,
14 ஜூன் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

ஆஷாவின் வணக்கம். நேற்றுக் கப்பலில் உங்கள் கடிதம் வந்தது. இங்கே மழை பிடித்துக்கொண்டது. சுகாதார நிலையத்தில் எல்லாருக்கும் காய்ச்சல், எனக்கு மட்டும் இன்னும் இல்லை. போன் சிக்னல் பழையபடி கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியின் கடைசிப் பலகையில் நின்றால்தான்.

நம் வீட்டு விதி உங்களுக்கு நினைவிருக்கும். மாமா எதைச் சொன்னாலும் பத்தால் வகுக்க வேண்டும் என்று அப்பா இருந்தபோது போட்ட விதி. போன மழைக்கு 'வங்கக் கடல் வீட்டுக்குள் வந்துவிட்டது' என்று எழுதினீர்கள். நான் அழுதுகொண்டே ஜெட்டிக்கு ஓடி அம்மாவைக் கூப்பிட்டால், சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்றாள்.

அதனால் ஆதிசேஷனை வகுத்துவிட்டேன். பிரேக் கொஞ்சம் இறங்குகிறது, அவ்வளவுதானே? ஏழாயிரத்தையும் வகுத்து எழுநூறு அம்மா கணக்கில் போட்டிருக்கிறேன். ஆயில் மாற்றி, இறுக்கித் தரச் சொல்லுங்கள். நிஜமாகவே அதற்கு மேல் ஆகும் என்றால் ஆகஸ்டில் பார்ப்போம். இந்த மாதம் பிசியோதெரபிக்குக் கட்டியதோடு என் கை காலி.

கோபித்துக்கொள்ளாதீர்கள். முப்பது வருடம் தி.நகரில் புடவை விற்றவர் நீங்கள். நூல் புடவையை விரித்துப் போட்டு, துவைக்கத் துவைக்கப் பட்டாகும் என்று சொன்னவர்.

அம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்து மெதுவாக ஓட்டுங்கள்.

உங்கள் அன்பு மருமகள்,
ஆஷா


மயிலாப்பூர்,
26 ஜூன் 2024

வகுத்தல் வாய்ப்பாட்டின் அதிபதி ஆஷாவுக்கு,

நீ அனுப்பிய எழுநூறு ரூபாய் யானைமேல் ஏறி மாடவீதி நான்கையும் சுற்றி வந்து சேர்ந்தது. அதை வாங்கிக்கொண்டு ராகவேந்திரன் ஆயிலை மாற்றினான், பின் சக்கரத்தை இறுக்கினான். பிறகு ஐசியூ வாசலில் டாக்டர் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசுவாரே, அந்த முகத்தை வைத்துக்கொண்டு, "தாங்காது சார், வண்டிய வூட்லயே நிறுத்திடுங்க" என்றான். நல்ல நடிகன். மெக்கானிக்காகப் பிறந்துவிட்டான்.

நான் விடுவேனா? பக்கத்தில்தானே புதுப்பேட்டை, அங்கே பழைய வண்டியில் கழற்றிய சிலிண்டர் சல்லிசாகக் கிடைக்குமே என்றேன். கையெடுத்துக் கும்பிட்டான். "கதவு வாங்கினு வா சார், கண்ணாடி வாங்கினு வா, மாட்டித் தரேன். செத்த வண்டி பிரேக்க மட்டும் எடுத்துனு வராத."

ஆயில் மாற்றிய இரண்டு நாள் பிரேக் கல்லு மாதிரி நின்றது. மூன்றாம் நாள் மறுபடி ஆதிசேஷன். ஆகவே மும்மிதி சாஸ்திரம் என்று ஒன்றைக் கண்டுபிடித்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். தூரத்தில் சிக்னல் தெரிந்ததுமே மிதிக்க ஆரம்பிப்பேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணுவாள். மூணில் வண்டி நிற்கும். நேற்று அஞ்சு வரை எண்ணினாள். இன்னும் ஒரு மாதம் போனால் அவள் ஆயிரத்தெட்டு நாமமும் சொல்லி முடிக்கிற நேரத்தில் வண்டி நிற்கும், புண்ணியத்துக்குப் புண்ணியமும் ஆச்சு.

ஆட்டோவில் போகலாமே என்பாய். வாரத்துக்கு நாலு நடை, ஒவ்வொரு நடைக்கும் ஆட்டோக்காரர் தன் பெண் கல்யாணச் செலவைச் சேர்த்துச் சொல்கிறார். ஷேர் ஆட்டோவில் அக்காவால் காலைத் தூக்கி ஏற முடியவில்லை.

நீ எதையும் யோசிக்காதே. ஆகஸ்ட் என்றால் ஆகஸ்ட்.

இப்படிக்கு,
மும்மிதி முனிவர்,
உன் மாமா


மயிலாப்பூர்,
3 ஜூலை 2024

ஆஷா,

நேற்று செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு, அடையாறிலிருந்து திரும்பும்போது பாலத்து இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. ஆறு முறை மிதித்தேன். கியரைக் குறைத்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். இடது ஓரமாக ஒதுக்கினேன். அங்கே நின்ற இளநீர் வண்டியில் மோதி கார் நின்றது.

அக்காவுக்கு அடி இல்லை. பெல்ட் போட்டிருந்தாள். எனக்கும் இல்லை.

இளநீர் விற்கும் அம்மாவின் பெயர் ஜமீலுன்னிசா. சில்லறை வாங்க எதிர்ப் பக்கம் போயிருந்தார். அதனால் அவருக்கும் அடி இல்லை. அவர் வண்டியின் ஒரு சக்கரம் உடைந்தது. ஓடி வந்து, முதலில் அக்காவுக்கு ஒரு இளநீர் வெட்டிக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "பிரேக் இல்லன்னு தெரிஞ்சிக்கினேவா எடுத்தே?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

அவருடைய சக்கரத்தை இன்று மாற்றிக் கொடுத்துவிட்டேன். கார் ராகவேந்திரன் கடையில் நிற்கிறது. உனக்குப் போனில் சொல்ல வேண்டாம் என்று அக்கா சொன்னாள்.

பாண்டுரங்கன்


கச்சால்,
14 ஜூலை 2024

அன்புள்ள மாமாவுக்கு,

கடல் சரியில்லாததால் இரண்டு வாரம் கப்பல் வரவில்லை. உங்கள் இரண்டு கடிதமும் நேற்று ஒன்றாக வந்தன. தடிமனாக இருந்ததை முதலில் பிரித்தேன். ஆயிரத்தெட்டு நாமத்தில் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கூட வேலை செய்யும் சிம்ராவுக்கு இந்தியில் சொல்லி அவளையும் சிரிக்கவைத்தேன். அந்தச் சிரிப்போடுதான் மற்றதைப் பிரித்தேன்.

ஒரு பக்கம்கூட இல்லை. 'இப்படிக்கு' இல்லை. உங்கள் கையெழுத்துதானா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இதை எப்படி வகுப்பது? பெருக்கத்தான் தோன்றியது. அடி இல்லை என்று எழுதியிருந்தால் கால் உடைந்திருக்கிறது என்றுதான் அர்த்தம் என்று நினைத்துக்கொண்டு ஜெட்டிக்கு ஓடினேன். ஒரு மணி நேரம் மழையில் நின்ற பிறகு அம்மா கிடைத்தாள். முட்டியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்த பிறகுதான் என் கால் தரையில் நின்றது.

எழுநூறு அனுப்பியவள் நான். அந்தத் தப்பு என்னுடையது. ஆனால் மாமா, ராகவேந்திரன் உங்களிடம் சொன்னது ஒரே வார்த்தை, வண்டியை நிறுத்து என்று. அதை நீங்கள் ஐசியூ, நடிகன் எல்லாம் சேர்த்து எனக்கு அனுப்பினீர்கள். இங்கே வலியோடு வருகிறவர்களிடம் பத்துக்கு எவ்வளவு என்று கேட்டுத்தான் மருந்து கொடுக்கிறோம். ஒருவர் எப்போது கேட்டாலும் நூறு என்று சொன்னால் நான் என்ன மருந்து கொடுப்பேன்?

ஆகஸ்ட் லீவில் ஊருக்கு வர டிக்கெட்டுக்கு வைத்திருந்த பணத்தை இன்று அனுப்பிவிட்டேன். புது சிலிண்டரே போடச் சொல்லுங்கள். அதுவரை ஆட்டோ. பிரேக் விஷயத்தை மட்டும் எனக்கு வெறும் வாக்கியமாக எழுதுங்கள். மற்றபடி வங்கக் கடல், யானை, எது வேண்டுமானாலும் வரட்டும்.

ஆஷா


மயிலாப்பூர்,
11 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ஆஷாவுக்கு,

உன் டிக்கெட் பணத்தை அப்படியே உன் கணக்குக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன். கோபித்துக்கொள்ளாமல் மேலே படி.

ஆடி பிறந்த அன்று பழைய முதலாளியைப் போய்ப் பார்த்தேன். தள்ளுபடிக் கூட்டத்துக்கு ஆள் போதவில்லை என்று அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாளே கவுண்ட்டரில் நின்றேன். தினக்கூலி, மதியச் சாப்பாடு. உஸ்மான் ரோட்டில் அன்றைக்கு வந்த ஜனத்தை எண்ணினால் உலகத்தில் வேறெங்கும் ஆளே மிச்சமிருக்க முடியாது. ஒரு அம்மாளுக்கு நான் விற்ற புடவையின் ஜரிகை வெளிச்சத்தில் கரண்டு பில்லே வராது என்று சொல்லியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே மூன்று வாங்கிப் போனாள். என் வாய்க்கு அதுதான் இடம் என்று இப்போது தெரிகிறது.

இனி வெறும் வாக்கியம்.

முதல் கடிதத்தை நான் நாலு முறை எழுதினேன். 'பிரேக் போய்விட்டது, அக்காவை ஏற்றிப் போக பயமாக இருக்கிறது, ஏழாயிரம் அனுப்பு' என்றுதான் முதலில் எழுதினேன். உன்னிடம் கேட்பதற்கு வெட்கமாக இருந்தது. கிழித்துப் போட்டேன். ஆதிசேஷனைச் சேர்த்த பிறகுதான் தபால் பெட்டியில் போட முடிந்தது.

அந்தக் கூலிப் பணத்தில் ராகவேந்திரன் வியாழக்கிழமை வேலையை முடித்துக் கொடுத்தான். மாஸ்டர் சிலிண்டர் புதிது, பின் ஷூ புதிது. முன் சக்கரத்து பிரேக் பேடு இன்னும் ஆறு மாதம் வரும் என்றான், மாற்றவில்லை. பில்லை இதோடு வைத்திருக்கிறேன். அக்கா இல்லாமல் நானும் அவனும் பாலத்தில் நாலு முறை போய் வந்தோம்.

வெள்ளிக்கிழமை காலையில் அக்கா ஆட்டோதான் என்று பிடிவாதம் பிடித்தாள். பில்லை எடுத்து நீட்டினேன். வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள், பிறகு ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். திரும்பும்போது அதே பாலத்து இறக்கம், கீழே சிக்னல் சிவப்பு. ஜமீலுன்னிசா புதுச் சக்கரத்தோடு ஓரமாக நின்றுகொண்டு எங்களையே பார்த்தார். அக்கா கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டு எண்ண ஆரம்பித்தாள்.

"ஒண்ணு" என்றாள்.

கார் நின்றது. ரெண்டு சொல்லத் திறந்த வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

டிக்கெட் போடு. பிரேக் பிடிக்கிறது. இதை எதாலும் வகுக்காதே.

உன் மாமா,
பாண்டுரங்கன்