நீலசந்திராவில் பெயர் தெரியாத ஒரு கை

அன்புள்ள மெர்லின்,

முதலில் மன்னித்துக்கொள். நீ இருந்தபோது உன் பிறந்தநாள் அட்டையில்கூட என் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தவள் நான். இப்போது நாலு பேர் படிக்கிற இடத்தில் உனக்குக் கடிதம் எழுத எனக்கு என்ன உரிமை என்று தெரியவில்லை. தமிழில் எழுதுகிறேன். நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய், மெதுவாகவே படி. இந்த ஒன்றில்தான் நான் உன்னைவிட முன்னால் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை நம் வகுப்பின் கடைசி வருடக் கண்காட்சி. உன் படங்களுக்கும் ஒரு சுவர் ஒதுக்கியிருக்கிறார்கள். வாசலுக்கு நேரே, நல்ல வெளிச்சம் விழும் சுவர். என் படங்களுக்கு மாடிப்படி ஓரம், தீயணைக்கும் சிலிண்டர் மாட்டிய சுவர். டெங்குவில் நீ போய் ஏழு மாதம் ஆகிறது. போனவளுக்கு எதற்கு அவ்வளவு வெளிச்சம் என்று ஒரு நொடி நினைத்தேன். நினைத்ததை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

உன் மேல் எனக்குப் பொறாமை. 'இருந்தது' என்று எழுதப் பார்த்தேன், வரவில்லை.

உனக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு டிசைன் வேலைக்கும் முன்னால், அது எங்கிருந்து பிறந்தது என்று ஒரு பலகையில் ஒட்டிக் காட்ட வேண்டும். நான் இணையத்திலிருந்து இறக்கி ஒட்டுவேன். பனிமலை, சாம்பல் நிறச் சுவர், மர மேசையில் தனியாக ஒரு காபிக் கோப்பை. பனியை நான் ஃப்ரிட்ஜுக்குள்தான் பார்த்திருக்கிறேன். மேடம் "நீட்டா இருக்கு, பவித்ரா" என்று சொல்லிவிட்டு அடுத்த பலகைக்குப் போய்விடுவார். உன் பலகை முன்னால் வந்தால் நகரமாட்டார். கசங்கிய பஸ் டிக்கெட், துணி மூட்டை மேல் குத்திய முத்திரை, உங்கள் கோயிலில் மெழுகு உருகிப் படிந்த தகடு. பாதிக்கு மேல் நாம் சேர்ந்து நடந்த தெருக்களில் எடுத்தது. நீ பார்த்ததையெல்லாம் நானும் பார்த்துக்கொண்டுதான் வந்தேன்.

சனிக்கிழமைகளில் சிவாஜிநகருக்குப் போவோமே. கறிக்கடை பாய் உனக்கு ஸ்டூல் போட்டு, போர்டை வரைந்துகொள்ளச் சொல்வார். பக்கத்தில் நிற்கிற என்னிடம், "உனக்கு எத்தனை கிலோம்மா?" என்று கேட்பார். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய். நானும் சிரித்தேன். என் அப்பா மூட்டை தூக்கும் கடை இருக்கிற சந்துக்குள் மட்டும் போகாமல், வேறு வழியாக உன்னைச் சுற்றிக் கூட்டிப்போனேன். அது உனக்குத் தெரியாது. அந்தச் சந்துக்குள் போயிருந்தால் அங்கேயும் நீ ஏதாவது கண்டுபிடித்திருப்பாய்.

எங்கள் வீட்டுக்கு முதல்முறை சாப்பிட வந்தாயே, அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் சொல்ல வந்தேன். நீலசந்திராவில் எங்கள் தெருக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும். தண்ணீர் வந்துவிட்டது என்று யாராவது கன்னடத்தில் "நீரு பந்த்து" எனக் கத்துவதற்கு முன்பே குடங்கள் வரிசையில் உட்கார்ந்திருக்கும். எல்லோரும் ஒரே கடையில் வாங்கிய ஒரே நீலக் குடங்கள். மாறிப்போனால் சண்டை. அதனால் ஒவ்வொரு வீட்டுக் குடத்திலும் நெயில் பாலிஷால் ஒரு அடையாளம் போட்டிருக்கும்.

நீ அந்த வரிசைக்கு முன்னால் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாய். பையிலிருந்து நோட்டை எடுத்தாய். பின்னால், உன்னோடு சாப்பிட வந்த நம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

"பவி, இதெல்லாம் யாருடி போட்டது?"

"யாருக்குத் தெரியும். பசங்க யாராவது கிறுக்கியிருப்பாங்க. எழுந்து வா, சாப்பாடு ஆறுது."

அதுதான் நான் சொன்ன பொய். அத்தனையும் நான் போட்டது, மெர்லின். பதினோரு வயதில் எங்கள் வீட்டுக் குடத்தில் ஒரு மீன் போட்டேன். அம்மாவுக்கு மீன் பிடிக்கும், வேறு காரணம் இல்லை. அதைப் பார்த்துத் தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது. ஆட்டோ ஓட்டுகிறவர் வீட்டுக்கு மூன்று சக்கரம். இஸ்திரி போடுகிற வீட்டுக்கு ஒரு முக்கோணம், அதன் மேல் ஆவி. எதிர்வீட்டு நூர் ஆன்ட்டிக்கு நிலா. அதில் பாலிஷ் வழிந்து வால் மாதிரி இறங்கிவிட்டது. துடைக்கப் போனேன். "அரே, இருக்கட்டும் விடு. வால் வச்ச நிலா வேற யார்கிட்ட இருக்கு?" என்றார்.

தண்ணீருக்கு வரிசையில் நிற்கிற தெரு என்று அந்த இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டதே என்று எனக்கு வெட்கம். அதில் கிறுக்கியது நான்தான் என்று வேறு சொல்ல வேண்டுமா?

அந்த அடையாளங்களை நீ சுவரொட்டிகளாக்கினாய். ஒரு முழுத் தெருவை, பெயரே எழுதாமல், குறிகளால் மட்டும். அவற்றை வகுப்பில் காட்டிய அன்று, வெளியிலிருந்து வந்த நடுவர் வால் வைத்த நிலாவின் முன்னால் நின்று, "இந்த வால் எப்படித் தோன்றியது?" என்று கேட்டார். "தெருவுல இருந்துச்சு சார், நான் பார்த்தேன், அவ்ளோதான்" என்றாய். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அடுத்தது என் முறை, பனிமலை.

அன்றிலிருந்து உன் கண்களைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. உன் ஆங்கிலத்தின் மேலும், வீட்டு அலமாரி நிறைய இருந்த புத்தகங்களின் மேலும் ஏற்கெனவே பொறாமை உண்டு, அது பழகிவிட்டது. இது வேறு. என் வாசலில் இருந்ததை நீ வந்து எடுத்துக் காட்டிய பிறகுதான் அது அழகு என்று எனக்குத் தெரிந்தது. திருடினாய் என்று சொல்லவும் வழியில்லை. யாருடையது என்று நீ கேட்டாய். நான்தான் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒருமுறை வந்தேன். அன்று சொல்லியிருக்கலாம். "லெஃப்டி, இப்பவாச்சும் அக்கான்னு கூப்பிடு" என்றாய். என்னைவிடப் பதினோரு நாள் மூத்தவள் என்று மூன்று வருடமாக நச்சரித்துக்கொண்டிருந்தாயே. "வீட்டுக்கு வா, கூப்பிடறேன்" என்றேன்.

போன வாரம் மேடம் என்னைக் கூப்பிட்டு உன் நோட்டைக் கொடுத்தார். உன் அம்மா கொடுத்தனுப்பினாராம். "நீதானே அவளுக்கு க்ளோஸ். அவ சுவரை நீயே செட் பண்ணிடு. கீழே என்ன எழுதணும்னும் நீயே பார்த்துக்கோ."

அச்சுத் தாள்களை அட்டையில் ஒட்ட வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா அரிசி களைந்துகொண்டே எட்டிப் பார்த்தார்.

"இது நூர் வீட்டு நிலா இல்ல?"

"ம்."

"நீ போட்டதுதானே. இங்க எப்படி வந்துச்சு?"

சொன்னேன். அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தாளின் பக்கத்தில் உட்கார்ந்தார். தொடவில்லை.

"நல்லா பெருசு பண்ணியிருக்கு அந்தப் பொண்ணு. ஏன்டி, உன் பேர சொல்லலியா அதுகிட்ட?"

"இல்லம்மா."

"நல்ல பொண்ணுடி. ரெண்டு தடவ ரசம் கேட்டு வாங்கி ஊத்திக்கிச்சு." எழுந்து அரிசிப் பக்கம் போனார். பிறகு, "வெள்ளிக்கிழமை நானும் வரட்டா? நூரையும் கூட்டிட்டு வரேன். நம்ம தெருவப் பாத்துட்டு வந்துடறோம்."

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கப்போகிற முதல் ஆள் நான். ஆனால் அம்மா ஒருநாளும் கல்லூரிக்கு வந்ததில்லை. நான் வரச் சொன்னதும் இல்லை. வெள்ளிக்கிழமை அவர் அந்த வெளிச்சச் சுவர் முன்னால் நிற்பார். கீழே என்ன எழுதியிருக்கிறது, படித்துக் காட்டு என்பார். நீ ஆங்கிலத்தில் எழுதி வைத்துவிட்டுப் போன வரி இதுதான்: 'ஆதாரம்: நீலசந்திராவில் பெயர் தெரியாத ஒரு கை.' அதை நான் அம்மாவுக்கு எப்படிப் படித்துக் காட்டுவேன்?

மாற்றி எழுதவும் பயமாக இருக்கிறது. மெர்லின் இருந்தபோது வாயைத் திறக்காதவள், அவள் போன பிறகு பங்குக்கு வருகிறாள் என்பார்கள். நான்தான் போட்டேன் என்று அன்றைக்கே தெரிந்தவர்கள் எங்கள் தெருக்காரர்கள் மட்டும்தான்.

நேற்றுத்தான் உன் நோட்டைக் கடைசிவரை புரட்டினேன். குடங்கள் வரைந்த பக்கத்தின் மூலையில் பென்சிலால் சின்னதாக எழுதியிருக்கிறாய். எல்லாக் கோடும் வலப்பக்கம் தடித்துத் தொடங்கி இடப்பக்கம் மெலிகிறது, எல்லாம் ஒரே ஆள், இடது கை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அதை இரண்டு தடவை அழுத்திப் போட்டிருக்கிறாய்.

நம் வகுப்பில் இடது கைக்காரி நான் ஒருத்திதான். எனக்கு லெஃப்டி என்று பெயர் வைத்ததே நீதான். அப்படியானால் உனக்குத் தெரிந்திருந்ததா? நானாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாயா? அந்த வரியில் பெயருக்கான இடத்தை எனக்காகவா காலியாக விட்டு வைத்தாய்? இல்லை, இதையெல்லாம் எனக்குச் சாதகமாக நானே கட்டிக்கொள்கிறேனா?

ஒன்று மட்டும் சத்தியம். உன் பெயரை எந்தப் படத்திலிருந்தும் எடுக்கமாட்டேன். அந்தச் சுவர் உன்னுடையது, படங்கள் உன்னுடையவை. குடத்தில் கிறுக்கியது நான் என்றாலும், அதன் முன்னால் உட்கார்ந்து பார்க்க எனக்குத் தெரியவில்லை. அம்மா கேட்டால் அப்படியே சொல்வேன். அந்த இரண்டு பெண்கள் பக்கத்தில் நின்றாலும் சொல்வேன். அடுத்த சனிக்கிழமை அப்பாவின் சந்துக்குள் உன் நோட்டோடு போவேன். காலிப் பக்கங்கள் நிறைய இருக்கின்றன.

முதல் பத்தியிலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கத் துணிவில்லாமல் இவ்வளவு எழுதிவிட்டேன். 'பெயர் தெரியாத ஒரு கை' என்ற இடத்தில் என் பெயரை எழுதிக்கொள்ளட்டுமா, அக்கா?

உன் தங்கச்சி,
பவித்ரா