மைதிலி இல்லாத மைக்

கொண்டாப்பூர்
4 ஜூன் 2025

அன்புள்ள டேனியலுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம், என் தொண்டையைத் தவிர. சனிக்கிழமை ஆபரேஷன் முடிந்தது. குரல்நாணில் இருந்த கட்டியை எடுத்துவிட்டார்கள். நான்கு வாரம் வாயே திறக்கக் கூடாதாம். கிசுகிசுப்பாகப் பேசுவது இன்னும் கெடுதலாம். அதற்குப் பிறகு பார்த்துத்தான் பாட முடியுமா முடியாதா என்று சொல்வாராம் டாக்டர்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று கேட்பாய். அக்கா வீட்டுக்கு வந்த அன்றே போன் அடித்தது. பழக்கதோஷம், எடுத்து "ஹலோ" என்றுவிட்டேன். மறுநாளும் அதே கூத்து. பாமா அக்கா போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். நீங்கள் யாரும் வீட்டுக்கு வரவும் தடை. மனுஷ முகத்தைக் கண்டால் என் வாய் சும்மா இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

21ஆம் தேதி ஷோவை ரத்து செய்திருப்பீர்கள். சாய்கிருஷ்ணா நான்கு மாதம் அலைந்து வாங்கிய ஷோ. டிரம்ஸ் வாங்க வக்கில்லாமல் நீ உங்கள் வீட்டு கேஸ் சிலிண்டரைத் தட்டிய நாளிலிருந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. நம் பேண்ட் 'காலி சிலிண்டர்' இதுவரை ஒரு ஷோவையும் விட்டதில்லை. முதல் தடவை என்னால். சாயிடமும் கிரியிடமும் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

பதிலைத் தமிழில் எழுது. இங்கிலீஷில் எழுதினால் உனக்குப் பொய் சரளமாக வருகிறது.

இப்படிக்கு,
வாய் கட்டப்பட்ட
மைதிலி


மல்காஜ்கிரி
9 ஜூன் 2025

பிரியமான மைதிலி,

உன் கடிதம் கிடைத்தது. நீ சுகம் பெற எங்கள் வீட்டம்மா ஸ்டெல்லா தினமும் ஜெபிக்கிறாள். என் தமிழ் சர்ச்சில் கற்றது. பைபிள் வாடை அடித்தால் சிரிக்காதே, தொண்டைக்கு ஆகாது. வேலை பார்க்கும் பார்சல் ஆபீஸில் மாம்பழக் கூடைகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ஷோ ரத்தாகவில்லை. போஸ்டர் ஒட்டியாகிவிட்டது, இருக்கிறவர்கள் வந்து வாசியுங்கள் என்று ஷோ நடத்துகிறவர்கள் சொன்னார்களாம். வேறு பாடகியைக் கூப்பிடலாமா என்று கிரி கேட்டான். சாய் "நக்கோ ரே" என்று ஒரேயடியாக மறுத்துவிட்டு கிடாருக்குத் தந்தி மாற்ற ஆரம்பித்தான். எனக்கும் மனசில்லை. இப்போது எங்கள் மொட்டைமாடி அறையில் மூன்று பேரும் ப்ராக்டிஸ் பண்ணுகிறோம். நீ பாடும் இடம் வந்ததும் வெறும் தாளத்தைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறோம். கேட்கச் சகிக்கவில்லை. காலேஜில் ஊரார் பாட்டையெல்லாம் எடுத்து வாசித்தோமே, அப்போதுகூட இவ்வளவு மோசமில்லை.

உன் மைக்கைத்தான் வழக்கம்போல் முதலில் நட்டு வைக்கிறோம். வாரங்கலில் யாரோ பாதிப் பாட்டில் உன் மைக் சத்தத்தைக் குறைத்துவிட்டு உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டானே, அதற்குப் பிறகு நீ போட்ட சட்டமும் அமலில் இருக்கிறது. யாரும் அதைக் குறைப்பதில்லை, அணைப்பதில்லை. ஆளே இல்லாத மைக்குக்கு எதற்கு இத்தனை மரியாதை என்று கிரி கேட்டான். எனக்கும் தெரியவில்லை. கை தானாக அதைத்தான் முதலில் எடுக்கிறது.

அன்புடன்,
டேனியல்


மல்காஜ்கிரி
23 ஜூன் 2025

பிரியமான மைதிலி,

ஷோ நன்றாக முடிந்தது. திரும்பும்போது நல்ல மழை. கிரி பிரியாணி வாங்கிக் கொடுத்தான். எனக்கு மூன்று துண்டு வந்தது, சாய்க்கு ஒன்றுதான், அதற்காக வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தான். ஸ்டெல்லாவுக்கு லேசான ஜலதோஷம். வேறு விசேஷம் இல்லை.

அன்புடன்,
டேனியல்


கொண்டாப்பூர்
26 ஜூன் 2025

டேய் டேனியல்,

பிரியாணியில் யாருக்கு எத்தனை துண்டு என்று எழுதத் தெரிகிறது, ஷோவுக்கு மூன்றே வார்த்தையா? கூட்டம் வந்ததா, என்ன வாசித்தீர்கள், ஒன்றும் இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. யாரோ ஒரு பெண்ணைப் பிடித்துப் பாட வைத்திருக்கிறீர்கள். அவள் என்னைவிட நன்றாகப் பாடிவிட்டாள். உனக்கு எழுதக் கை வரவில்லை.

இருக்கட்டும். கோபமில்லை என்று சொல்ல மாட்டேன், கொஞ்சம் இருக்கிறது. ஆனால் நாளெல்லாம் எதிர்வீட்டு பால்கனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கு, ஒன்றும் தெரியாமல் இருப்பதுதான் பெரிய கஷ்டம். புதன்கிழமை டாக்டரைப் பார்க்கிறேன். அதற்குள் உண்மையைச் சொல்லித் தொலை.

மைதிலி


மல்காஜ்கிரி
29 ஜூன் 2025

பிரியமான மைதிலி,

எந்தப் பெண்ணும் பாடவில்லை. யாருமே பாடவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உன் மைக்கை நடுவில் வைத்து, வழக்கமான அளவுக்குத் திறந்துவிட்டோம். அந்த இடத்தின் சவுண்ட் ஆள் ஓடி வந்து, ஆள் இல்லாத மைக்கை அணைக்கச் சொன்னான். சாய் "நக்கோ பாய், ஓ மைதிலி கா மைக் ஹை" என்றான், வேண்டாம், அது மைதிலியின் மைக் என்று. அந்த ஆள் எங்களைப் பைத்தியக்காரர்களைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனான். அவன் சொன்னதுதான் சரி. எந்த பேண்டும் அப்படிச் செய்யாது.

முதல் இரண்டு பாட்டும் படுத்துவிட்டன. நாற்பது பேர் இருந்தார்கள், பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதில் சாய் வாசித்துக்கொண்டே உன் மைக் பக்கம் திரும்பினான். அவன் கிடார் சத்தம் மைக்குக்குள் போய், ஸ்பீக்கர் வழியாக வந்து, மறுபடி மைக்குக்குள் போய், அடித்தொண்டையில் 'ம்ம்' என்று ஒரு சத்தம் எழும்பியது. ஒரு நொடி நீ வந்துவிட்டாய் என்றே நினைத்தேன். கை நின்றுவிட்டது. சாய் அந்தச் சத்தத்துக்குத் தன் தந்தியைச் சேர்த்தான், கிரி பேஸ் கிடாரில் கீழ்ச்சுரம் பிடித்தான், நான் குச்சியை வைத்துவிட்டுக் கையாலேயே தட்டினேன். பத்தொன்பது நிமிஷம். முடிந்ததும் நாற்பது பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

நாங்கள் இதுவரை வாசித்ததிலேயே அதுதான் சிறந்தது, மைதிலி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீ வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, நீ இல்லாமல் அது நடந்தது. பெங்களூரிலிருந்து ஒருவர் செப்டம்பரில் நடத்தும் இசை விழாவுக்கு எங்களை அழைக்கிறார், பாட்டே இல்லாமல், இதையே வாசிக்க வேண்டுமாம். பதில் சொல்லவில்லை. உன் இடத்தை நாங்கள் எடுத்துக்கொண்டது போலிருக்கிறது. நீ வேண்டாம் என்றால் வேண்டாம்.

இதோடு வைத்திருக்கும் பென் டிரைவில் அன்றைய ரெக்கார்டிங் இருக்கிறது.

டேனியல்


கொண்டாப்பூர்
4 ஜூலை 2025

அன்புள்ள டேனிக்கு,

புதன்கிழமை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். தழும்புகூட இல்லையாம். ஒரு வார்த்தை பேசுங்கள் என்றார். "தேங்க்யூ" என்றேன். பக்கத்து அறையில் யாரோ பேசுவது மாதிரி தடிப்பாக வந்தது. மூன்று மாதத்தில் பழையபடி பாடலாம் என்றார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

போன் கைக்கு வந்துவிட்டது. ஆனால் இதை என்னால் பேச முடியாது, எழுதத்தான் முடியும். நான்கு வருஷமாக ஒவ்வொரு ஷோவுக்கு முன்பும் பாத்ரூமில் வாந்தி எடுத்துவிட்டுத்தான் மேடை ஏறினேன். ஏன் என்று கேட்காதே, எனக்கே தெரியாது. ஒருநாள் பயம் வந்தது, பிறகு போகவே இல்லை. ஆபரேஷன் டேபிளில் படுத்துக்கொண்டு, இனி உங்களால் பாட முடியாது என்று டாக்டர் சொல்லிவிடட்டும் என்று வேண்டிக்கொண்டேன். எவ்வளவு பாவி பார். நான் நிறுத்தினால் உங்கள் மூன்று பேர் வாழ்க்கையையும் கெடுத்தவள் ஆவேனே என்றுதான் வாயைத் திறக்கவில்லை.

அக்கா வீட்டு டிவியில் போட்டு அந்தப் பத்தொன்பது நிமிஷத்தையும் மூன்று தடவை கேட்டேன். பொறாமை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. தூக்கம் வந்தது. போரடித்து இல்லை, கோபித்துக்கொள்ளாதே. நான் இல்லாமலே உங்களுக்கு நடக்கும் என்று தெரிந்ததும் உடம்பெல்லாம் தளர்ந்துவிட்டது. சோபாவிலேயே சாயங்காலம் வரை தூங்கினேன்.

பெங்களூருக்குப் போங்கள். நான் இனி மேடையில் பாடப்போவதில்லை.

ஒன்றுதான் மனசை அரிக்கிறது. காலேஜிலிருந்து எனக்கு நண்பர்கள் என்றால் நீங்கள் மூன்று பேர்தான். பாடுகிறவள் என்றுதானே என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள். பாடாதவளுக்கு ஞாயிற்றுக்கிழமை உங்கள் மாடியில் என்ன வேலை?

மைதிலி


மல்காஜ்கிரி
7 ஜூலை 2025

பிரியமான மைதிலி,

உன் கடிதத்தை சாய்க்கும் கிரிக்கும் படித்துக் காட்டினேன். சாய்க்குத் தமிழ் பாதிதான் புரியும். வாந்தி என்ற இடத்தில் நிறுத்தி, கிரியைத் தெலுங்கில் சொல்லச் சொன்னான். "கைக்கு நை போலி?" என்று ஒரே ஒரு தடவை கேட்டான், ஏன் சொல்லவில்லை என்று.

எனக்குத் தெரியும், மைதிலி. இரண்டு தடவை பாத்ரூம் கதவுக்கு வெளியே தண்ணீர் பாட்டிலோடு நின்றிருக்கிறேன். கேட்டால் நீ நிறுத்திவிடுவாய் என்று பயந்து, கேட்காமல் திரும்பி வந்தேன். பேண்டுக்காக அப்படிச் செய்தேன். நீ பாவி இல்லை. அந்தப் பாவம் என்னுடையது, நான்கு வருஷமாக நெஞ்சில் கிடந்தது. எழுதிவிட்டேன், இன்று சாப்பாடு இறங்குகிறது. மன்னித்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு ப்ராக்டிஸ். ஸ்டெல்லா மீன் வாங்கப் போகிறாள், உனக்குத் தனியாகக் கத்திரிக்காய் வறுக்கிறாளாம்.

பாட வேண்டாம். வா.

உன்
டேனி